பொன்னுத்தங்கம் எண்ணிய தெள்ளுகள்

எனக்கு எண்ணத் தெரியாது. விருதுநகரில் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாதுதான். தாளில் இருக்கிற எண்ணை என்ன வேண்டுமானாலும் செய்வேன். கூட்டுவேன், வகுப்பேன், சராசரி போடுவேன். ஆனால் கண்ணாடித் தட்டில் ஓடுகிற உயிரை எண்ணச் சொன்னால் பதினொன்றுக்கு மேல் எனக்குக் கோபம் வந்துவிடும். எதை எண்ணினேன், எதை விட்டேன் என்று தெரியாமல் மறுபடி முதலில் இருந்து தொடங்குவேன். அதற்குள் அவை இடம் மாறியிருக்கும்.

என் தலையெழுத்து, நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதே எண்ணுகிற ஆராய்ச்சி. நீர்த்தெள்ளு என்று ஒரு சின்ன உயிர். குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தால் கடுகைவிடச் சின்னதாக எதுவோ தத்தித் தத்தி நீந்துமே, அதுதான். அதன் உடம்புக்குள் நடப்பதெல்லாம் வெளியே தெரியும். இதயம் அடிப்பது தெரியும், தின்ற பாசி வயிற்றில் பச்சை நூலாக இறங்குவது தெரியும், முதுகுப் பையில் முட்டை எத்தனை என்பதும் தெரியும். மீன் குஞ்சுகளுக்கு இதுதான் சோறு. தண்ணீர் கெட்டால் மீனுக்குத் தெரிவதற்கு முன்னால் இதற்குத் தெரிந்துவிடும்.

வடக்கே மூன்று ரயில் மாறிப் போகிற தூரத்தில் ஒரு யுரேனியச் சுரங்கம் இருந்தது. அதை ஒட்டி ஒரு ஓடை. என்னோடு படித்த அப்சானா கல்யாணமாகி அந்த ஊருக்குப் போயிருந்தாள். சுரங்கத்துக்கு மேற்புறம் ஓடையில் எடுத்த தண்ணீர், சுரங்கக் கழிவு வந்து கலந்த பிறகு கீழ்ப்புறம் எடுத்த தண்ணீர் என்று இரண்டு வகையாகக் கேன்களில் பிடித்து ரயில் பார்சலில் எனக்கு அனுப்புவாள். மேல்தண்ணி, கீழ்தண்ணி என்று கேன்களில் எழுதி வைப்பேன். இரண்டிலும் தெள்ளுகளை வளர்த்து, எந்தத் தண்ணீரில் எத்தனை குஞ்சு பிறக்கிறது என்று இருபத்தொரு நாள் எண்ண வேண்டும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

இரண்டு முறை செய்து இரண்டு முறையும் கெட்டது. முதல் முறை நானே எண்ணினேன், அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை இரண்டு மாணவிகளை எண்ண வைத்தேன். ஒரே தட்டைப் பார்த்து ஒருத்தி பதினான்கு என்றாள், இன்னொருத்தி பத்தொன்பது என்றாள். பிறகு இருவரும் பேசி வைத்துக்கொண்டு பதினாறு என்றார்கள்.

அது 2007. பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்திருந்த ஐந்து வருடக் கெடு டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவே ரத்து. இதற்கிடையில் அப்சானாவின் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து அவர்கள் குஜராத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். போகிற போக்கில் மேல்தண்ணியில் இரண்டு கேன், கீழ்தண்ணியில் இரண்டு கேன் அனுப்பியிருந்தாள். இனிமேல் தண்ணீர் வராது.

தீபாவளி முடிந்த மறுநாள், அத்தாவுக்குச் சாப்பாடு கொடுக்கக் கிட்டங்கிக்கு, அதாவது அவருடைய சரக்குக் கிடங்குக்கு, போனேன். என் அத்தா செய்யது அபுதாஹிர் மிளகாய் வத்தல் வியாபாரி. தீபாவளி முடிந்ததும் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகள் சில வாரம் மூடிக்கிடக்கும். அந்த நாட்களில் அங்கே வேலை செய்கிற பெண்கள் எங்கள் கிட்டங்கிக்கு வத்தலில் காம்பு கிள்ள வருவார்கள். அன்றும் பத்துப் பேர் உட்கார்ந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தபோது, ஓரத்தில் இருந்த ஒரு பெண் கையில் வேலையை நிறுத்தாமலே என்னிடம் சொன்னார்.

"டீச்சரம்மா, உங்க துப்பட்டாவுல முப்பத்தாறு பொட்டு இருக்கு. ஒண்ணுல மட்டும் ஜரிகை விட்டுப்போச்சு."

நான் துப்பட்டாவின் தொங்கலை விரித்துப் பார்த்தேன். இரண்டு முறை எண்ணினேன், முதல் முறை முப்பத்துநான்கு வந்தது, இரண்டாம் முறை முப்பத்தாறு. ஒன்றில் ஜரிகை இல்லை.

அப்படித்தான் பொன்னுத்தங்கம் அக்கா எனக்குக் கிடைத்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். பதினெட்டு வருடமாக ஒரே பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங். காலையில் ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். பூச்சட்டி பெட்டிக்குப் பத்து, சக்கரம் பெட்டிக்குப் பத்து. கையில் எடுக்கும்போதே எத்தனை என்று விரல் சொல்லிவிடும் என்றார். நான் அத்தாவிடம் போய் நின்றேன்.

"அத்தா, அந்த அக்காவை ஒரு மாசத்துக்கு எனக்குக் குடுங்க."

"ஏம்மா, எண்ணுறதுக்கா காலேஜ்ல படிக்க வச்சேன் உன்னை? இப்ப அதுக்கும் ஆள் வேணுங்கியே," என்றார் அத்தா. ஆனால் கொடுத்துவிட்டார்.

கல்லூரி ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் ஒரு சோதனை வைத்தேன். தட்டில் நானே ஒவ்வொன்றாக முப்பத்தேழு குஞ்சுகளைச் சொட்டு மருந்துக் குழாயால் விட்டு, "எத்தனைக்கா?" என்றேன். அவர் குனிந்து மூச்சு விடுகிற நேரம் பார்த்தார். முப்பத்தெட்டு என்றார். இல்லை என்றேன். முப்பத்தெட்டுதான் என்றார். நானும் விடவில்லை. ஒவ்வொன்றாக உறிஞ்சி வெளியே எடுத்தோம். முப்பத்தெட்டு இருந்தது. அன்றே என் எண்ணிக்கைப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

வேலை எளிது. இருபது கண்ணாடி பாட்டில். பத்தில் மேல்தண்ணி, பத்தில் கீழ்தண்ணி. பாட்டிலுக்கு ஒரு தாய்த் தெள்ளு. அது குஞ்சு போட்டால் குஞ்சுகளை மட்டும் உறிஞ்சி, அந்த பாட்டிலுக்கான தட்டில் விட்டு, எண்ணி எழுதிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். தாய் அதன் பாட்டிலிலேயே இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். கீழ்தண்ணியைத் தொடும்போது கையுறை கட்டாயம்.

"எதுக்கும்மா இந்த ரப்பர்? மருந்தையே வெறுங்கையால அள்ளுன கை இது," என்றார். பட்டாசுக்காரர்களுக்கு மருந்து என்றால் வெடிமருந்து.

"இதுவும் ஒரு மாதிரி மருந்துதான்க்கா. போடுங்க."

போட்டுக்கொண்டார். ஆனால் வேறு ஒரு சந்தேகம் வந்தது. "பாட்டிலுக்கு ஒண்ணு விட்டுருக்கீகளே, ஆம்பளை எங்கன?"

"இதுக்கு ஆம்பளையே வேண்டாம்க்கா. தானாவே பிள்ளை பெத்துக்கும்."

அவர் இருபது பாட்டிலையும் ஒரு நிமிடம் மரியாதையோடு பார்த்தார். "குடுத்து வச்சவளுக," என்றார்.

கல்லூரி திறந்துவிட்டதால் பகலில் எனக்கு வகுப்பு. அவர் தனியாக எண்ணி எழுதி வைப்பார். நான் சாயங்காலம் வந்து கணினியில் ஏற்றுவேன். ஒன்பதாம் நாளில் குஞ்சுகள் வரத் தொடங்கின. முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று இருந்தது. மேல்தண்ணியில் பத்து, பதினொன்று, பத்து. கீழ்தண்ணியில் பத்து, பத்து, பத்து. மூன்று நாள் கழித்து அடுத்த ஈத்து. அதிலும் அப்படியே. சுரங்கக் கழிவு கலந்த தண்ணீரால் ஒரு பாதிப்பும் இல்லை என்றது கணக்கு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கீழ்தண்ணித் தாய்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. பாட்டிலில் நிறையப் பாசி போட்டிருந்தும் அவற்றின் வயிற்றில் பச்சை நூல் சரியாக இறங்கவில்லை. வெளிறிப் போய், மெலிந்து, ஒரு பக்கமாகவே நீந்திக்கொண்டிருந்தன. இவையா பத்துப் பெற்றன என்று பாட்டிலைப் பார்ப்பேன். பிறகு புத்தகத்தைப் பார்ப்பேன். பொன்னுத்தங்கம் அக்காவின் எண்ணைச் சந்தேகிக்க எனக்கு யோக்கியதை ஏது?

நவம்பர் கடைசியில் மதுரைக்குப் போன் போட்டேன். என் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் இராமகிருஷ்ணன் நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் அதிகம். எண்களை வரிசையாக வாசித்தேன்.

"பாதிப்பு இல்லைங்கறதும் ஒரு முடிவுதான். எழுதிக் குடுத்துட்டு டாக்டர் ஆயிடுங்க," என்றார். பிறகு திடீரென்று, "இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன். பத்து, பத்து, பதினொன்று, பத்து, பத்து.

"ஏம்மா பர்வீன், உங்க தெள்ளுகளுக்கெல்லாம் ரேஷன் கார்டு இருக்கா? இருபது உசிரும் இப்படிச் சமமாப் பெக்குமா? ரேஷன் கடையிலயே இப்படி அளந்து போடமாட்டானே."

போனை வைத்தபோது என் காது சுட்டது. ஐந்து வருடம் புள்ளியியல் படித்திருக்கிறேன். உயிர்கள் அப்படி ஒரே அளவில் பெறாது என்று முதல் நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பை இன்னொருவரிடம் தள்ளிவிட்டு ஆய்வகத்தில் ஓரமாக உட்கார்ந்தேன். பொன்னுத்தங்கம் அக்கா இருபது தட்டையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு பாட்டிலில் இருந்தும் குஞ்சுகளை உறிஞ்சி அதனதன் தட்டில் விட்டார். என்ன நேர்த்தி! பிறகு வரிசையை ஒரு பார்வை பார்த்தார். மேல்தண்ணித் தட்டு ஒன்றில் பதினான்கு இருந்தது. நான்கை உறிஞ்சினார். கீழ்தண்ணித் தட்டு ஒன்றில் ஆறு இருந்தது. அந்த நான்கையும் அதில் விட்டார். பத்து. அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.

"அக்கா, என்ன செய்றீங்க?"

"குறைஞ்சிருக்குல்லம்மா, நிரப்புறேன்."

"தினமும் நிரப்புனீங்களா?"

"பின்னே?" என்றார், நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டது போல. "ஒரு ஈத்துக்குப் பத்து வரும்னு நீங்கதானே சொன்னீக. இந்தப் பக்கம் கூடுது, அந்தப் பக்கம் குறையுது. கூடுனதை எடுத்துக் குறைஞ்சதுல போட்டாச் சரியாப் போகுது. குறைப் பெட்டிய எப்படிம்மா அனுப்ப? பதினெட்டு வருசத்துல என் கையால ஒரு பெட்டி குறைஞ்சு போனதில்ல."

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. ஐந்து வருடம் என்று கத்தினேன், தண்ணீர் தீர்ந்துபோயிற்று என்று கத்தினேன். வாட்ச்மேன் ஓடி வந்து கதவருகே நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். பொன்னுத்தங்கம் அக்கா கையுறையைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் பொம்பளைக்கு நீ எதை எதுக்கு எண்ணுறன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. கையுறை போடச் சொன்னேன், சரியாக எண்ணச் சொன்னேன், ஆம்பளை தேவையில்லை என்றுகூடச் சொன்னேன். சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு என்ன புரியப் போகிறது என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கம்தான்.

காலையில் கிட்டங்கிக்குப் போனேன். பொன்னுத்தங்கம் அக்கா அதே ஓரத்தில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வத்தல் குவியலில் போய் உட்கார்ந்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் பதினேழு தும்மல் தும்மினேன். எண்ணிக்கை அவருடையது.

"என்னை மன்னிச்சுருங்கக்கா. நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லாம வேலை வாங்கிட்டேன்."

"நீங்க ஏசுனது கூடப் பெருசில்லம்மா. தப்பாச் செஞ்சுட்டேன்னு சொன்னீகளே, அதுதான் ராத்திரி தூக்கம் வரல," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வத்தலால் என்று நான் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தக் குவியலில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணுக்கு அடியில் இருந்து யுரேனியக் கல்லை வெட்டி எடுப்பதை, அதை அரைத்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைச் சேறாகக் கொட்டி வைப்பதை, மழைக்கு அது கசிந்து ஓடையில் இறங்குவதை. அது வெடிக்காது, புகையாது, வாசம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது என்றேன்.

"சத்தமில்லாத மருந்தா?" என்றார்.

"ஆமாக்கா."

கை வேலையை அவர் நிறுத்தியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். "அந்த ஓடைத் தண்ணிய அந்த ஊர்ச் சனம் குடிக்குதா?"

"குளிக்கும். துணி துவைக்கும். மாடு குடிக்கும். பிள்ளைங்க மீன் பிடிக்கும். தெள்ளு குறைஞ்சா அந்த மீனுக்குச் சோறு இல்ல. தண்ணியில என்னமோ இருக்குன்னு தெள்ளுதான் முதல்ல சொல்லும். அது சொல்றதைத்தான் நாம எண்ணுறோம்."

அவர் மடியில் கிடந்த காம்புகளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"அப்ப குறைதான் நம்ம சரக்கு. அதைப் போயி நான் நிரப்பிப்புட்டேனே. வாங்க, தண்ணி எம்புட்டு இருக்குன்னு பாப்போம்."

தண்ணீர் இருந்தது. நான் பயத்தில் தீர்ந்துபோயிற்று என்று கத்தியிருந்தேனே தவிர, ஒவ்வொரு வகையிலும் முக்கால் கேன் மிச்சம். இருபத்தொரு நாளுக்குத் தாங்கும், கொட்டிச் சிந்தாமல் இருந்தால். பழைய கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, நவம்பர் முப்பதாம் தேதி புதுக் குஞ்சுகளைப் பாட்டிலுக்கு ஒன்றாக விட்டோம். இருபத்தொன்று கூட்டிப் பார்த்தால் டிசம்பர் இருபத்தொன்று. பிறகு எழுதுவதற்குப் பத்து நாள். ஒரு நாள் தவறினாலும் என் பட்டம் போயிற்று.

அடுத்த வாரமே அவருடைய கம்பெனி திறந்துவிட்டது. திறக்கிற அன்று வராதவர்கள் பேக்கிங் ஹாலில் தங்கள் இடத்தை இழந்துவிடுவார்கள் என்று தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? விடிந்ததும் அவர் வேனில் ஏறிப் போனதாகச் சொன்னார்கள். நான் ஆய்வகத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது மத்தியானம் பஸ்ஸில் திரும்பி வந்து நின்றார்.

"போர்மேன் கண்ணுச்சாமிகிட்ட லீவு சொல்லிட்டு வந்துட்டேன். இருபது புள்ளத்தாச்சிகளை நாந்தான் பாத்துக்கிட்டிருக்கேன், எல்லாத்துக்கும் இந்த மாசம்தான் பேறுகாலம்னேன். எந்த ஆசுபத்திரின்னாரு. காலேஜுன்னேன். அந்தாளு முளிச்ச முளி இருக்கே!"

"விட்டுட்டாரா?"

"புள்ளத்தாச்சின்னு சொன்ன பொறகு யாரு மறிப்பா? என் இடத்துல சாமிக்கு முடிஞ்ச மஞ்சத்துணிய விரிச்சு வச்சுட்டுத்தான் வந்தேன். ஒருத்தி உக்கார மாட்டா."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு மட்டும் இல்லை அது.

எட்டாம் நாளிலிருந்து நான் எழுத, அவர் சொன்னார். மேல்தண்ணி பன்னிரண்டு, பதினைந்து, பதினொன்று. கீழ்தண்ணி ஏழு, ஐந்து, எட்டு. ஒவ்வொரு முறை ஏழு என்று சொல்லும்போதும் அவருடைய வலது கை பக்கத்துத் தட்டுப் பக்கம் தானாகப் போகும். பதினெட்டு வருடப் பழக்கம். இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வார். இரண்டாம் நாளிலிருந்து எனக்கு அது பழகிவிட்டது, அவருக்குப் பழகவே இல்லை.

நாட்கள் போகப் போகக் கீழ்தண்ணியில் எண்ணிக்கை இறங்கியது. ஐந்து, நான்கு, ஐந்து. உருப்பெருக்கியில் அவரைப் பார்க்க வைத்தேன். மேல்தண்ணித் தாயின் வயிற்றில் ஓடிய பச்சையையும் கீழ்தண்ணித் தாயின் வெறும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "முன்னால சோறு இருந்தும் இதால திங்க முடியல பாருங்க," என்றார். நான் ஆய்வேட்டில் நான்கு பக்கம் எழுதியதும் அதைத்தான்.

கடைசி நாள் பக்ரீத்தாக அமைந்துவிட்டது. தொழுகை முடிந்து, வந்தவர்களைக் கவனித்துவிட்டு, ஒரு தூக்குவாளி நிறைய பிரியாணியோடு கல்லூரிக்கு ஓடினேன். வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் கொடுத்து வாயை அடைத்தேன். பொன்னுத்தங்கம் அக்கா எனக்கு முன்னால் வந்து தட்டுகளை அடுக்கியிருந்தார்.

மேல்தண்ணிப் பத்தும் முடிந்தது. கீழ்தண்ணியில் மூன்று பாட்டில் முடிந்தது. நான்காவதில் அவர் வாய் திறக்கவில்லை. தட்டைச் சாய்த்துப் பார்த்தார், விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். தட்டில் வெறும் தண்ணீர்.

"சொல்லுங்கக்கா."

"எங்க ஹால்ல அந்த வார்த்தை சொல்லக் கூடாதும்மா. பெட்டி காலின்னு வாயால சொல்ல மாட்டோம்."

"இங்க நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

பாட்டிலுக்குள் அந்தத் தாய் சுவரை ஒட்டி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் இல்ல. எளுதிக்கங்க." எழுதினேன். பிறகு இருவரும் வெளியே வந்து, கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, படியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். அவருக்குக் கறியை விடச் சோறுதான் பிடித்திருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் மூன்றரை மணிக்கு ஆய்வேட்டை மதுரையில் கொடுத்தேன். அலுவலகத்தில் மணி நான்கு வரைதான். பேராசிரியர் இராமகிருஷ்ணன் எண்களைப் புரட்டிவிட்டு, "ரேஷன் கார்டைப் புடுங்கிட்டீங்க போல," என்றார்.

ஆனால் அதோடு முடிகிறதா? அடுத்த ஜூலையில் வாய்மொழித் தேர்வு. எங்கள் கல்லூரிக் கூடத்திலேயே, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்ற முறையில் நடந்தது. அத்தா வெள்ளைச் சட்டையில் முன் வரிசையில். அம்மா அவருக்குப் பக்கத்தில். பொன்னுத்தங்கம் அக்கா சீசன் நேரத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, பட்டுச்சேலையில், கடைசி வரிசையில்.

சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் சிரிக்கவே பழகாதவர். ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் குடைந்தார். எல்லாவற்றுக்கும் சமாளித்தேன். கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா உங்க முடிவு மொத்தமும் ஒரு எண்ணிக்கை மேல நிக்குது. கீழ்ப்புறத் தண்ணியில குஞ்சு பாதிகூட இல்லைன்னு சொல்றீங்க. மெலிஞ்ச குஞ்சு கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். எண்ணினவங்க கைதவறி விட்டிருக்கலாம். யார் எண்ணினது? பயிற்சி பெற்றவங்களா?"

பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் செய்கிற ஒரு அக்கா என்று சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணம் பயந்தேன். அந்த ஒரு கணத்துக்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"நான்தான் எண்ணுனேன் சார்."

கூடம் திரும்பிப் பார்த்தது. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

"பேரு பொன்னுத்தங்கம். பட்டாசு பேக்கிங்கு. பதினெட்டு வருசம் முடிஞ்சு பத்தொம்போது நடக்குது. என் கையால இதுவரைக்கும் ஒரு பெட்டி குறைஞ்சு போனதில்ல சார். மொதத் தடவை இந்தத் தெள்ளுலயும் குறையைப் பாத்துட்டு நான் நிரப்பிப்புட்டேன். டீச்சரம்மா ஏசுனாக. அது தப்புக் கணக்குன்னு கிளிச்சுப் போட்டுட்டுத் திரும்ப எண்ணுனோம். ரெண்டாவது தடவை நிரப்பல. நிரப்பச் சொல்லி இந்தக் கை தினமும் துடிச்சுது. அதைப் புடிச்சு வச்சுக்கிட்டுத்தான் எண்ணுனேன். அங்கன குறைஞ்சது குறைஞ்சதுதான் சார். என் கண்ணுக்கு ஒண்ணு தப்பாது."

பின்னால் நாலைந்து மாணவிகள் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பழைய கணக்கைக் கிழித்துப் போட்டது உண்மையா என்று கண்ணாலேயே கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் பேனாவை மூடினார்.

"உட்காருங்கம்மா," என்றார் அவரிடம்.

பொன்னுத்தங்கம் அக்கா உட்காரவில்லை. "ஒண்ணு கேக்கலாமா சார்? எங்க ஹால்ல எண்ணி முடிச்ச பெட்டிக்கு மேல எந்த ஊருக்குப் போகுதுன்னு எளுதி ஒட்டுவாக. இம்புட்டு எண்ணியிருக்கோம். இது எந்த ஊருக்குப் போகுது?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை ஐந்து வருடத்தில் நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி, கல்லூரியில் ஒரு பிரதி, என் அலமாரியில் ஒரு பிரதி. அதற்கு மேல் அது எங்கே போகும் என்று எனக்கு யோசனையே வந்ததில்லை.

தேர்வாளர் எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். முடிவை அறிவிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பது வழக்கம். அவர் தாளைக் கையில் எடுத்தார், ஆனால் வாசிக்கவில்லை.

"அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது," என்றார். என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, டாக்டர் பர்வீன்."

முன் வரிசையில் அம்மா அழத் தொடங்கிவிட்டார். அத்தா எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். நான் ஒலிபெருக்கியைக் கிட்டே இழுத்து, கடைசி வரிசையைப் பார்த்து, ஓடை ஓடுகிற அந்த ஊரின் பெயரைச் சொன்னேன்.